திரும்பும் வழிக்கு லோடு

...இல்லை, வாடகையை முந்நூற்று இருபது கிலோமீட்டரால் வகுத்தால் போதாது, அது போகும் தூரம் மட்டுந்தானே, அங்கே சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரத்தை யார் கணக்கில் சேர்ப்பது, காலி வண்டி என்றால் டீசல் சும்மாவா வருகிறது என்று தன்னையே கடிந்துகொண்டு, லாரி ஸ்டீயரிங்குக்கு மேலே படிந்திருந்த தூசியில் விரலால் எழுதிய எண்ணை அவன் உள்ளங்கையால் துடைத்தான். அறுநூற்று நாற்பதால் வகுக்க வேண்டும். வகுத்தான். வந்த தொகை டீசலுக்கும் சுங்கத்துக்குமே சரியாகப் போயிற்று. தவணைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மீண்டும் துடைத்தான்... ஒருவேளை இறக்குகூலியைச் சரக்குக்காரரே கொடுப்பதாயிருந்தால்? மேட்டில் அழுத்தி மிதிக்காமல் மெல்ல ஓட்டினால்? வேறு எந்த ஊருக்கான லோடாக இருந்தாலும் இத்தனை தடவை துடைத்து எழுதியிருப்பானா? புதிதாய் வண்டி எடுத்தவர்கள் செய்யும் பிழை இது, வாடகையின் மொத்தத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, திரும்பும் வழியை மறந்துவிடுவது. அவனும் முதல் மாதங்களில் அப்படி ஓடி ஓடிக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான், அதன்பின் ஒருபோதும் மறந்ததில்லை, இன்று மட்டும் மறந்தான் என்றால் அது மறதியா, ஆசையா?

லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங்காரர் இரண்டு லோடு சொல்லியிருந்தார். தெற்கே இரும்புக் குழாய், போகவும் வரவும் சரக்கு, நல்ல வாடகை. வடக்கே காலி அட்டைப்பெட்டி, பாதி வாடகை, திரும்பச் சரக்கில்லை. ஆனால் அந்த ஊரில்தான் மைத்துனனின் வீடு, அதன் மாடிப்படிக்குக் கீழுள்ள அறையில்தான் மனைவியும் மகளும்... மனைவி என்று இன்னும் சொல்லலாமா, பிரிந்து போனவளை வேறு என்னவென்று சொல்வது? வண்டியுந்தான் இன்னும் அவனுடையதன்று. ஓட்டி ஓட்டியே விலையைக் கழித்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தம். தவணையை வாராவாரம் வண்டி கொடுத்த கம்பெனியே வாடகையிலிருந்து பிடித்துக்கொள்ளும், இரண்டு முறை தவறினால் வண்டி கம்பெனிக்கு, கட்டியதெல்லாம் காற்றோடு. ஒருமுறை தவறியாயிற்று. அந்த வாரம் எந்த லோடும் ஏற்றாமல் அங்கே ஓட்டிக்கொண்டு போய், வீட்டுக்கு வா என்று அவளை அழைத்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் கோபங்கூட இல்லை. "எந்த வீட்டுக்கு?" என்றாள். "நீங்க குடியிருக்கிறது இந்த வண்டியிலதானே?" உண்மைதான், அந்த வீட்டில் அவன் படுத்தெழுந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், யாருக்காக ஓடினேன் என்று கேட்க நா வரை வந்தது, கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்... கேளாமலே காலியாகத் திரும்பினான்.

புக்கிங்காரர் வந்து வண்டிக் கதவைத் தட்டினார். "யோசிக்கிறதுக்கெல்லாம் யாரும் வாடகை தரமாட்டாங்க அண்ணே. குழாய்க்கு வேற ஆள் நிக்கிறான்." சற்றுப் பொறும் என்று கைகாட்டிவிட்டு, அவன் மனைவியின் எண்ணை அழுத்தினான், அவள் எடுக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தானோ என்னவோ. ஆனால் எடுத்தவள் மகள். அம்மா மாடியில் துணி உலர்த்துவதாகச் சொன்னாள். இந்த வாரம் அந்தப் பக்கம் வந்தாலும் வருவேன் என்றான். மறுமுனையில் மூச்சு ஒருமுறை துள்ளிற்று, பிறகு அடங்கிற்று.

"திரும்பறதுக்கு லோடு இருக்காப்பா?"

இல்லை என்றான்.

"அப்ப வர வேணாம்ப்பா. காலியா திரும்புனா நஷ்டம்தானே? எனக்கு ஒண்ணும் இல்ல. லோடு கிடைக்கும்போது வாங்க."

இதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்... யார், அவனேதான், பள்ளி விடுமுறைகளில் பக்கத்து இருக்கையில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்து வந்தவளுக்கு வகுத்தல் கற்பித்தவன் அவனேதான். போகிற தூரம் மட்டும் போட்டால் எப்படியப்பா, வருகிற தூரமும் போட வேண்டாமா என்று அவள் அவனையே திருத்தியபோது, பெருமை தாளாமல் டீக்கடையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தானே, இன்று அந்தப் பிள்ளை தன்னையே ஒரு லோடாக எடுத்து வைத்துப் பார்த்து, கட்டுப்படியாகாது என்று தானே தள்ளிவிட்டாள், குரல்கூட உடையவில்லை, அழுது அடம் பிடித்திருந்தால் எவ்வளவோ தேவலை. அப்படியில்லையடா கண்ணு, உன்னைப் பார்க்க வருவது நஷ்டமா என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும், எந்தத் தகப்பனும் சொல்லியிருப்பான், ஆனால் அவன் சற்றுத் தாமதித்தான், ஏன் தாமதித்தான்... அவள் போட்ட கணக்குச் சரிதானா என்று மனம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தது, சரியாகத்தான் இருந்தது, அவ்வளவே. அந்த இடைவெளி எவ்வளவு நீண்டிருக்கும், அவள் இன்னும் போனை வைக்கவில்லையே, மூச்சுக் கேட்கிறதே, அப்பா எதற்காகப் பேசாமலிருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்குமோ...