அரவணைப்பு மாநாட்டில் விழுந்த அடி

நாற்காலி மேசையில் விழுந்தால் ஒரு சத்தம், முதுகில் விழுந்தால் வேறு சத்தம். கண்பார்வை இல்லாத அவளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இது முதுகு.

"அண்ணி, மூலவர் அடிச்சிட்டாரு!" பக்கத்தில் உட்கார்ந்து நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தாள் நாத்தனார். "உற்சவர் குப்புற விழுந்துட்டாரு, வாயெல்லாம் ரத்தம். ஐயோ, பல்லு!"

மேடைக்கு மேலே 'எல்லோரும் வருக, எல்லோரும் சமம்' என்று பதாகை தொங்குகிறதாம். அதையும் நாத்தனார்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருந்தது இந்தக் குழு. மூலநிரலை எழுதியவர் மூலவர். இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார். ஊர் ஊராகப் போய் அதன் பெருமையைப் பேசுகிறவர் உற்சவர். ஒரு வரி எழுதியதில்லை. எந்தத் திருத்தமும் உள்ளே போக இருவரும் 'ஏற்கிறேன்' என்று அழுத்தவேண்டும்.

அவள் ஓர் ஆஸ்பத்திரியின் முன்பதிவு மேசையில் ஒன்பது வருடமாக இருக்கிறாள். திரையை வாசித்துச் சொல்லும் குரல்தான் அவளுக்குக் கண். திங்கட்கிழமை வரப்போகும் புதிய பதிப்பிலோ பொத்தான்களுக்குப் படம் போட்டவர்கள் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். போன வருடம் வெள்ளோட்டம் பார்த்தபோதே குரல் 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று ஜபம் செய்தது. எது பதிவு, எது அழிப்பு என்று அதற்கே தெரியாது. "முடியலன்னா கோப்பறைக்குப் போயிடும்மா" என்றிருந்தார் மேலாளர். கோப்பறை முழுக்கக் காகிதம். வீட்டுக்குப் போ என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது.

அவளே நாற்பத்திரண்டு வரியில் திருத்தம் எழுதி அனுப்பிப் பதினோரு மாதமாகிறது. 'பொறுமை, சகோதரி' என்று பதினாறு பதில்கள் வந்தன. பதினாறிலும் கைகூப்பும் படம். திருத்தம் உள்ளே போக இன்றே கடைசி நாள்.

சண்டை ஒரே ஒரு சொல்லுக்காக. நடத்தை விதியில் புதியவர்களை 'வரவேற்கிறோம்' என்பதா, 'அனுமதிக்கிறோம்' என்பதா? "அனுமதிக்க நீ யாருடா?" என்றார் உற்சவர். "வரவேற்க இது உங்க அப்பன் வீடா?" என்றார் மூலவர். அப்பன் வந்ததும் நாற்காலியும் வந்துவிட்டது.

"இப்ப என்னடி பண்றாங்க?"

"ஒருத்தர் கழுத்த ஒருத்தர் நெரிக்கிறாங்க. அரவணைப்புன்னா இதானா அண்ணி?"

அந்த நடத்தை விதியின் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் முழுசாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எழுதியவர்களே படித்ததில்லை. கை நீட்டி அடிக்கிறவரைக் குழுவிலிருந்து நீக்கலாம். ஆனால் அதற்கும் விண்ணப்பம் போட்டு, திருத்தங்கள் நிற்கும் அதே வரிசையில் நிற்கவேண்டும். முன்னால் நிற்பதை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. ஏற்பதற்கு ஓர் அழுத்து போதும். மறுப்பதற்கு நூறு சொல்லில் பணிவாகக் காரணம் எழுதவேண்டும். வரிசையில் நின்றது அவளுடைய நாற்பத்திரண்டு வரி மட்டுமே. மற்றவர்கள் எப்போதோ ஓடிப்போயிருந்தார்கள்.

"என்னை அவங்க கிட்ட கூட்டிட்டுப் போ."

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு?"

"கால் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

கைத்தடி மூலவரின் முழங்காலில் இறங்கியது. எலும்புக்கும் தனிச் சத்தம் உண்டு. அடுத்தது உற்சவரின் தோள்; தடி ஒடிந்தது. யாரோ அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்கள். காது கொய்யென்றது. அறை வந்த திசையில் மீதித் துண்டை வீசினாள்.

"ஐயோ, நான் பொருளாளர்!" என்றது அந்தத் திசை.

மூலவரும் உற்சவரும் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள். "தூக்கு இவளைக் குழுவ விட்டு! இப்பவே!"

யாரோ மடிக்கணினியை நீட்டினார்கள்.

"முன்னாடி ஏதோ நிக்குதே" என்றார் உற்சவர். பல் போன இடத்தில் காற்று சீறியது.

"என்ன எழவோ, மறுத்துத் தள்ளு" என்றார் மூலவர்.

"நூறு சொல் எழுதணும். பணிவா. உன் விதிதானே?"

"இந்த வலியிலயா? ஏத்துக்கிட்டுத் தொலை!"

தட். தட். பிறகு அவளை நீக்க இன்னும் இரண்டு. நான்கையும் அவள் எண்ணினாள்.

வாசல்வரை இழுத்துப்போய்ப் படியில் தள்ளினார்கள். முட்டி உரிந்தது. "உங்களையே தூக்கிட்டாங்களே அண்ணி!" என்று அழுதாள் நாத்தனார்.

"தூக்கட்டும். கையக் குடு."

திங்கட்கிழமை காலை, வீங்காத பக்கத்துக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு முதல் பொத்தானுக்குப் போனாள்.

'பதிவு செய்' என்றது குரல். அடுத்தது, 'அழி'.

"கன்னத்துல என்னம்மா இப்படி வீங்கிக் கெடக்கு?" என்றார் வரிசையில் முதலில் நின்ற நோயாளி.

"மாநாட்டுக்குப் போயிருந்தேங்க. எந்த டாக்டரப் பாக்கணும்?"