ஒப்புதலுக்கு நின்ற செய்தி

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு பொத்தானை அழுத்திய பெண்ணின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான்.

ஒரு பத்திரிகை அலுவலகம். அதன் இணையதளத்தில் குடும்பச் செய்திகள் என்று ஒரு பிரிவு. அதற்குள்ளே பிறப்பு, திருமணம், மறைவு என்று உட்பிரிவுகள். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் அன்றே சொல்லிவிட்டார்: "மேல் பிரிவுக்கு என்ன முறை வைக்கிறீங்களோ, அதுதான் உள்ள இருக்கிற எல்லாத்துக்கும். தாயைப் போல பிள்ளை. வேற மாதிரி வேணும்னா அந்தந்தப் பிள்ளைக்குத் தனியா வைக்கணும்."

அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் அக்கா என்பார்கள். பிறர் வேலையில் அவருக்குத் திருப்தியே வராது. தன் ஒப்புதல் இல்லாமல் எதுவும் வெளியாகக் கூடாது என்று மேலே வைத்தார். பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் வைக்கவில்லை. மறைவுச் செய்தி என்றால், அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, "செய்தி உறுதிதானே?" என்று கேட்ட பிறகே ஒப்புதல்.

"அக்கா கண்ணுல படாம இந்த ஊர்ல பொறக்கவும் முடியாது, சாகவும் முடியாது" என்பார் பக்கத்து மேசைக்காரர். அக்காவும் சிரிப்பார்.

ஒரு நாள் காலையில் அக்காவின் கணவர் குளியலறை வாசலில் சரிந்தார். மருத்துவமனை போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. மாலையில் எடுப்பதாக முடிவு. வெளியூர்ச் சொந்தமெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கும் என்று கொழுந்தன் செய்தியை எழுதி அனுப்பினார். மதியமாகியும் வெளியாகவில்லை.

பக்கத்து மேசைக்காரர் அழைத்தார். "அக்கா, செய்தி உங்க ஒப்புதலுக்கு நிக்குது. எங்களுக்கு அந்தப் பொத்தானே வராது. மேல இருக்கிற முறையை எடுத்துட்டா தானா வெளிய போயிடும். எடுத்துடவா?"

"எடுக்காதீங்க. நிக்கிறது எல்லாமே சேர்ந்து போயிடும். அதுல ஒரு பெரியவர் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கார். மகன் அவசரப்பட்டு அனுப்பிட்டான்."

"அப்ப மறைவுக்கு மட்டும் தனியா..."

"அவரும் மறைவுலதான் நிக்கிறார்."

அக்கா தொலைபேசியை வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் கணவர் பாதி குடித்து வைத்த கோப்பை இருந்தது. அதை நகர்த்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தார் அக்கா. செய்தியைப் படித்தார். வயது அறுபத்தொன்று என்றிருந்ததை அறுபது என்று திருத்தினார். ஒரு கால்புள்ளி சேர்த்தார். சமையலறையில் யாரோ, "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்றது காதில் விழுந்தது.

பிறகு தொலைபேசியை எடுத்தார். முன்னறையில் கொழுந்தனுடையது ஒலித்தது. அவர் வாசல் வழியே எட்டிப் பார்த்தார். அக்கா திரையைவிட்டு நிமிரவில்லை.

"சொல்லுங்க அண்ணி. இங்கதான இருக்கேன்."

"செய்தி உறுதிதானே?"

கொழுந்தன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"உறுதிதான் அண்ணி."

"சரி. வச்சிடறேன்."

அழுத்தினார். மறைவுப் பக்கத்தில் கணவரின் படம் வந்தது. எல்லோருக்கும் வருகிற அளவில்தான். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

அவ்வளவுதான், கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுப் பேர் அப்படிப்பட்ட பக்கங்களில் பிறப்பிலும் திருமணத்திலும் திரும்பத் திரும்ப வரட்டும். மற்றதில் வர ரொம்ப ரொம்ப நாளாகட்டும்.