சீட்டுக்கு அடியில் இருந்த டப்பா

இசக்கிதுரையும் சுடலைராஜும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரே டெம்போவை மாறி மாறி ஓட்டுபவர்கள். பீடிக்கட்டும் பொது. சுடலைராஜின் மனைவிக்கு இது நாலாம் மாதம். இசக்கிதுரைக்கும் ஜெயசித்ராவுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம், இன்னும் குழந்தை இல்லை.

தென்காசியில் டாக்டர் சண்முகப்பிரியா இசக்கிதுரையின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார். "விந்தணு நீந்தணும்னு தன் உடம்பையே சுருக்கிக்கும். அதனால அதுக்குள்ள காவல் கம்மி. சுத்தியிருக்கிற திரவத்துல உள்ள நொதிகள்தான் அதைக் காப்பாத்தும். பீடிப்புகையும் சூடும் கெட்ட ஆக்சிஜனைக் கூட்டிடும். உங்க நொதிகளால அதைச் சமாளிக்க முடியல."

"சுடலைராஜும் இதே பீடிதான குடிக்கான்?"

"அவருக்குக் காவல் பலமா இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். நீங்க பீடியை விடுங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

பிறர் வயலைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உண்டு. இசக்கிதுரை, கூட்டாளியின் நொதியை நினைத்து எரிந்தான். குற்றாலத்தில் காய் இறக்கிவிட்டுச் சாரலில் நின்று சுடலைராஜ் ஆனந்தமாகப் புகை விடுவதைத் தினமும் பார்த்தான். தான் மட்டும் கடலைமிட்டாயைக் கடித்தான்.

மூன்று மாதம் கழிந்தது. மறு பரிசோதனைக்கு விந்தை வீட்டிலேயே டப்பாவில் எடுத்து, சூடு ஆறாமல் உடம்போடு வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கீழப்பாவூரிலிருந்து டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு டெம்போவில் கிளம்பினான். பாவூர்சத்திரத்தில் சுடலைராஜ் கைகாட்டினான். அவன் ஏறுவதற்குள் இசக்கிதுரை டப்பாவைச் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டான்.

லேப் பெண் நிமிர்ந்தாள். "ஒண்ணுகூட அசையலையே. எங்க வச்சிருந்தீங்க?"

"டெம்போ சீட்டுக்கு அடியில."

"இன்ஜின் மேலயா? வெந்துபோச்சு. நாலு நாள் கழிச்சு மறுபடி கொண்டாங்க."

ஜெயசித்ரா வீட்டில் பிடித்துக்கொண்டாள். "ஆறக்கூடாதுன்னா அவிச்சா கொண்டு போவாவ?"

"அவன் பாத்துரக்கூடாதுன்னுதான்..."

"பாத்தா என்ன? நீங்க பீடியை விட்டது எனக்கா, அவனுக்கா?"

ஐந்தாம் நாள் சாவியைச் சுடலைராஜிடம் நீட்டினான். "நீ ஓட்டுலே." டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். விஷயத்தையும் சொன்னான். சுடலைராஜ் சிரிக்கவில்லை. பற்றவைத்த பீடியை வெளியே எறிந்துவிட்டு வேகமாக ஓட்டினான்.

"பாதிக்கு மேல நல்லா நீந்துது" என்றாள் லேப் பெண்.

வெளியே சுடலைராஜ் காத்திருந்தான். "என்ன அண்ணாச்சி, தேறிருச்சா?"

"பாதிக்கு மேலயாம். உனக்கு எவ்வளவு இருந்துச்சுலே?"

"நான் எங்க அதையெல்லாம் பாத்தேன்?" என்று சுடலைராஜ் புதுப் பீடியை எடுத்தான்.

இசக்கிதுரைக்கு மறுபடி வயிறு எரிந்தது.