அங்கன்வாடிப் பக்கம் வந்த புகை

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டு அங்கன்வாடிச் சுவரில் உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தார் கிராம செவிலியர் சங்கீதா. காற்றில் புகையும் தூசும் கூடினால் அதில் சிவப்பு விளக்கு எரியும். மலைக்காற்றுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தாள் அங்கன்வாடி நடத்தும் ருக்குமணி. ஆனால் காலையில் பிள்ளைகள் வந்து உட்காரும் நேரத்தில் தினமும் சிவப்பு எரிந்தது.

அடுத்த வாரம் சங்கீதா வந்தார். "பிள்ளைங்களுக்கு இருமல் விடாம இருக்கறதுக்குக் காரணம் இதுதானுங்க. அடுப்புப் புகைங்களாக்கா?"

அங்கே கேஸ் அடுப்புதான். ருக்குமணிக்குப் பதில் தெரியும். அருவி பார்க்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக்கைப் பின்பக்கப் பள்ளத்தில் கொளுத்துவது அவள் புருஷன் காளியண்ணன். பஞ்சாயத்தில் துப்புரவு வேலை. சொன்னால் அந்த வேலைக்கே உலை வைத்ததாகிவிடும். பாயில் படுத்திருந்த பெண் குழந்தை மறுபடி இருமியது.

"குப்பைப் புகைங்க. எங்கூட்டுக்காரருதான் கொளுத்தறாரு."

அன்று சாயங்காலம் காளியண்ணன் சோற்றைத் தொடவில்லை. "கட்டுனவளே காட்டிக் குடுத்துட்டியே."

"கொளுத்தச் சொன்னவங்க அந்தப் புகையில நிக்கறாங்களா? நீங்கதான நிக்கறீங்க. மேடேறுனா உங்களுக்கு மூச்சு வாங்கறது எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பஞ்சாயத்துத் தலைவர் முருகானந்தத்தைக் கையோடு கூட்டி வந்தார் சங்கீதா. பெட்டியில் சிவப்பு. புகை தலைவரின் தொண்டையையும் பிடித்தது. பள்ளத்தோரம் நின்ற காளியண்ணனிடம் திரும்பினார்.

"யாருப்பா இங்க கொளுத்தச் சொன்னது?"

"நீங்கதானுங்க. சீசனுக்கு முன்னால ஊரு சுத்தமாத் தெரியோணும்னு சொன்னீங்க," என்றான் காளியண்ணன் தலை குனிந்தபடி.

முருகானந்தம் இருமிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். "சரி, குப்பைய வண்டி வெச்சுக் கீழ அனுப்பிரலாம்," என்றார்.

சங்கீதா காளியண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். வாரம் ஒரு தடவை லாரி வந்து குப்பை மூட்டைகளை ஏற்றிப் போயிற்று. போகப்போகப் பிள்ளைகளின் இருமல் தணிந்தது.

ஒரு வாரம் லாரி வரவில்லை. மூட்டைகள் நாறின. "ஒரு குச்சியக் கிழிச்சுப் போட்டா முடிஞ்சுது," என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"பிள்ளைங்க இருக்குதுங்க, முடியாது," என்று சொல்லிவிட்டு, லாரிக்காரருக்குப் போன் போட்டான் காளியண்ணன். அங்கன்வாடிக்குள் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்த ருக்குமணிக்கு அது காதில் விழுந்தது.