தீ கொண்டுவந்தது யார்?

ஆடலூருக்கு மேலே, காப்பித் தோட்டங்களுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய சனிக்கிழமையன்று கோயில் முற்றத்தில் மூட்டப்படும் புதுத்தீக்கு ஆண்டுக்கொரு வீடு விறகும் நெருப்பும் கொண்டுவர வேண்டும். கிழக்கு ஓர வீட்டில் தொடங்கி மேற்கே வரிசையாக முறை வரும். தீயை மந்திரிக்கும் முன் குருவானவர் உரத்த குரலில், "தீ கொண்டுவந்தது யார்?" என்று கேட்பார். முறைவீட்டுப் பெரியவர், ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரைச் சொல்லி முன்னே வந்து நிற்பார். பட்டப்பெயர் செல்லாது, வீட்டில் அழைக்கும் பெயரும் செல்லாது. இதைத் தொடங்கி வைத்தவர் எவரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் முறை ஒருபோதும் தவறியதில்லை.

இவ்வாண்டு முறை மதலேனம்மாளின் வீட்டுக்கு வந்தது. ஊரார் அவளை அழைத்த பெயரோ தீக்காரி.

அப்பெயர் ஒரு பங்குனி மாதத்து நண்பகலில் பிறந்தது. கணவன் இன்னாசி இறந்த பிறகு அவள் தனியாகப் பார்த்துவந்த காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. அதை வெட்டிக் குவித்திருந்தாள். வெயில் தாழ்ந்து காற்று அடங்கிய பிறகுதான் கொளுத்த வேண்டும் என்பது மலையில் சிறு பிள்ளைக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுநாள் அய்யம்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால், கையோடு முடித்துவிட எண்ணினாள். தீ வைத்துவிட்டு நிழலில் நின்று ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பதற்குள் காற்று திரும்பியது. தீ வேலியைத் தாண்டிப் புல்சரிவில் ஏறியது. தற்காலிகத் தீக்காவலராக வேலை பார்த்த கதிர்வேல், பச்சைக் கொப்பால் அடித்து அடித்து அதை ஊர்ப்பக்கம் வராமல் மறித்தான். ஊர் தப்பியது. மேலே சுற்றி மறுபுறமாக இறங்கிய தீ அவனை நடுவில் வைத்து மூடிக்கொண்டது.

அவன் கீழ்த்தெருக் கந்தம்மாளின் ஒரே மகன். கந்தம்மாளும் மதலேனம்மாளும் ஒரே நிரையில் நின்று காப்பிப் பழம் பறித்தவர்கள். கதிர்வேல் கைக்குழந்தையாயிருந்தபோது அவனுக்குச் சேலைத்தொட்டில் கட்டிய பலாமரம் மதலேனம்மாளின் தோட்டத்தில் இருந்தது. அந்தத் தீயில் அம்மரமும் போயிற்று.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் டவாலி அவள் பெயரை மூன்று முறை கூவினார். சுற்றுலா வந்தவர்கள் எறிந்த சிகரெட்டின் மேல் பழியைப் போடலாம் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். "தீ வைத்தது யார்?" என்று கேட்டபோது அவள் அதைச் சொல்லவில்லை, "நான்" என்றாள். தண்டனை கிடைத்தது. கொடைக்கானலில் சுற்றுலா வண்டி ஓட்டும் மகன் தன் அலைபேசி எண்ணையே மாற்றிக்கொண்டான்.

சிறையிலிருந்து திரும்பிய அன்று, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கீழ்த்தெருவுக்குப் போனாள். வாசலுக்கு வந்த கந்தம்மாளின் காலில் விழுந்தாள்.

"அக்கா, பொறுத்துக்கங்கக்கா."

கந்தம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு, "பொறு" என்றாள். உள்ளே போனாள். சற்று நேரத்தில் கதவு உட்புறமாகத் தாழிடப்பட்டது.

மன்னிப்புக் கேட்டவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். இன்று இல்லை, ஒரு நாள் தருகிறேன், அதுவரை காத்திரு என்று மதலேனம்மாள் அதற்குப் பொருள் கொண்டாள். அந்தச் சொல்லிலேயே தன் மிச்ச வாழ்வைக் கட்டித் தொங்கவிட்டாள். கோயிலுக்குப் போவாள், கடைசி வரிசையில் தரையில் உட்காருவாள், பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்திருக்கமாட்டாள். கந்தம்மாள் முதலில் பொறுக்கட்டும், கடவுளிடம் பிறகு போகலாம் என்பது அவள் கணக்கு. தீக்காரி என்று எவரேனும் கூப்பிட்டால் உடனே திரும்புவாள். மதலேனம்மா என்று கூப்பிட்டால், வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பாள். அந்தப் பெயரைக் கேட்டாலே தாழ்வாரத்தில் டவாலி கூவுவது காதில் விழும்.

பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் மாதந்தவறாமல் போனாள். ஒவ்வொரு முறையும் அதே பாவத்தைச் சொன்னாள். தவக்காலத்தில் குருவானவருக்கே பொறுமை போயிற்று.

"இதத்தானேம்மா போன மாசமும் சொன்னீங்க? அதுக்கு முந்தின மாசமும் இதான். பாவம் மன்னிச்சாச்சும்மா. முடிஞ்சு போச்சு."

"அவ மன்னிக்கலையே, சாமி."

"ஏம்மா, கந்தம்மாளுக்குக் கீழயா கடவுள் வேல பாக்குறாரு? அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் இவரு தருவாரா?"

அவள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள்; குருவானவரும் உடன் எழுந்தார். வெளியே வந்தபோது, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சூசை, முறை விஷயத்தைக் குருவானவரிடம் பேசுவதற்காகக் கதவோரம் காத்திருந்தார்.

"இந்த வருசம் அடுத்த வீட்டுக்குத் தள்ளிரலாமுங்க, சாமி. தீக்காரி கையில தீப்பெட்டியக் குடுத்தா ஊரு சிரிப்பாச் சிரிக்குமுங்க."

"முறை யாருக்கு வருது?"

"அவளுக்குத்தானுங்க."

"அப்ப அவங்கதான்."

"தள்ளிருங்க, சாமி" என்று மதலேனம்மாளும் சொன்னாள். "எனக்கு வேணாம்." குருவானவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் தம் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு அடுத்த கிளைக்கோயிலுக்குப் போய்விட்டார்.

முறை நாளான பெரிய சனிக்கிழமை காலை, தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனாள். சிறையிலிருந்து வந்த பின் அவள் தீக்குச்சி உரசியதில்லை. எரிவாயு அடுப்பை லைட்டரால் பற்றவைத்தே காலம் தள்ளியிருந்தாள். கடைக்கார ராஜமுருகன் தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணு போதுமா, தீக்காரி? மல பெருசாச்சே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சில்லறையை வைத்துவிட்டுப் பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அங்கிருந்து நேரே கீழ்த்தெருவுக்கு இறங்கினாள். கந்தம்மாள் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அதையே காரணமாகச் சொல்லி முறையிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணினாள்.

கந்தம்மாள் வாசலில் சாக்கு விரித்து, காயப்போட்டிருந்த மிளகைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"அங்கனயே நில்லு. மெளக மிதிச்சிராத."

மதலேனம்மாள் நின்றாள்.

"ஒனக்கு நெருப்பு முறையாமே? ஒங்க சாமிக்கு வேற ஆளே கெடைக்கலயாக்கும்?"

"அதத்தான்க்கா கேக்க வந்தேன். நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா, நான் விட்டுர்றேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? அது என்ன, எங்கோயிலா?"

கந்தம்மாள் மிளகைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். மதலேனம்மாள், இத்தனை காலம் நெஞ்சில் வைத்திருந்ததை அப்போது வெளியே எடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க பொறுன்னு சொன்னீங்க. நானும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் எம்புட்டு நாளைக்குன்னு சொல்லிருங்கக்கா."

கந்தம்மாளின் கை நின்றது. முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நானா? எப்பச் சொன்னேன்?"

"ஜெயில்லருந்து வந்த அன்னைக்கு. கால்ல விழுந்தப்ப."

கந்தம்மாள் யோசித்தாள். நினைவு வந்ததும் அவள் முகத்தில் ஒரு வெறுப்பும், அதன் அடியில் ஏறக்குறைய ஓர் இரக்கமும் தோன்றின.

"அடிப்பாவி. அடுப்புல பாலு பொங்கிருச்சுடி. எறக்கி வெச்சுட்டு வர்றேன், பொறுன்னேன். எறக்கி வெச்சேன். பெறகு ஒன் மூஞ்சியில முழிக்க மனசு வரல, கதவச் சாத்திட்டேன். அதையா இம்புட்டு நாளும் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

மதலேனம்மாள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். பக்கத்திலிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப..."

"அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல." கந்தம்மாளின் குரல் உயரவில்லை. "எனக்கு வராது. நெஞ்ச அறுத்துப் பாத்தாலும் அது உள்ள கெடையாது. ஒஞ்சாமி தர்றாருன்னா போயி வாங்கிக்க. எங்கிட்ட வந்து கேட்டுக் கேட்டு எம்பிள்ளைய மறுபடி மறுபடி எரிக்காத."

பிறகு மிளகின் பக்கம் குனிந்துகொண்டாள். மதலேனம்மாள் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொளுத்துறதுன்னா கொளுத்து. ஆனா நானும் வருவேன். தண்ணியோட நிப்பேன். ஒன்ன நம்பி இன்னொரு காட்டக் குடுக்க முடியாது."

ஏற்றத்தில் மதலேனம்மாள் பலமுறை நின்று மூச்சு வாங்கினாள். ஒரு பானைப் பால். அது பொங்கியதற்காகச் சொன்ன சொல்லை அவள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, திறவாத கதவின் முன் இத்தனை காலம் குந்தியிருந்தாள். அந்தக் கதவு இனியும் திறக்காது. திறக்க வேண்டும் என்று கேட்பதற்கும் அவளுக்கு உரிமை இல்லை. அழுகை வரவில்லை. வேறொன்று மெல்லத் தெளிந்தது. மாதந்தோறும் அவள் மண்டியிட்டுக் கேட்டதை, மாதந்தோறும் ஒருவர் கொடுத்திருந்தார். அவள்தான் அதை வாங்காமல் வீட்டுக்கு வந்திருந்தாள். வாங்க முடியாததற்குக் காரணமும் இருந்தது. தீக்காரியை எவராலும் மன்னிக்க முடியாது. தீக்காரி என்பவள் ஓர் ஆளே அல்லள், செய்த செயலுக்கு இட்ட பெயர். மன்னிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு அவள் ஓடி வந்திருந்தாள்.

காட்டுமாடுகள் இருட்டியபின் கோயில் வரை வந்துவிடும் என்பதால், அந்தக் கிளைக்கோயிலில் பொழுது சாயும்போதே சடங்கைத் தொடங்கிவிடுவார்கள். மதலேனம்மாள் முன்னதாகவே வந்து, முற்றத்தின் நடுவே ஆறடி வட்டத்துக்குப் புல்லைச் செதுக்கி மண்ணைக் காட்டினாள். பட்டுப்போன காப்பிக் கட்டைகளை அடுக்கினாள். சூசை வந்து பார்த்தார். வட்டத்தைக் காலால் இன்னும் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டுப் போனார்.

மக்கள் கூடினார்கள். எவரும் அவள் அருகில் நிற்கவில்லை. குருவானவர் வெள்ளை உடுப்பில் வந்து நின்றபோது, கூட்டம் பின்புறமிருந்து விலகியது. கந்தம்மாள் இரண்டு கைகளிலும் நீர் நிறைந்த வாளிகளோடு வந்து, செதுக்கிய வட்டத்தின் விளிம்பில் அவற்றை வைத்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். அவளைப் போ என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது பற்றியது. மதலேனம்மாள் குனிந்து சுள்ளிக்கடியில் வைத்தாள். தீ எழுந்தது. கந்தம்மாள் ஒரு வாளியின் பிடியைப் பற்றினாள்.

"தீ கொண்டுவந்தது யார்?"

வனத்துறையினர் கேட்டிருந்தார்கள். நீதிபதி கேட்டிருந்தார். அப்போதெல்லாம் அந்தக் கேள்வி அவளைத் தேடிப் பிடிக்க வந்தது. இப்போது கேட்பவருக்கோ விடை முன்பே தெரியும். தெரிந்தே அவளைப் பெயர் சொல்ல விடுகிறார். உதடுகள் பழக்கத்தால் "தீ..." என்று தொடங்கின. நிறுத்தினாள். எதிரே தீக்கு அப்பால் கந்தம்மாளின் முகம் சிவந்து அசையாமல் நின்றது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மதலேன்."

யாரோ இருமினார்கள். அவள் நிறுத்தவில்லை.

"தீ கொண்டுவந்தது மதலேன், சாமி. அன்னைக்குத் தீ வெச்சதும் அதே மதலேன்தான். வேற யாரும் இல்ல."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. குருவானவர் அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, மதலேன். கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சீலையில பட்டுரப் போகுது" என்றார். பிறகு தீயின் மேல் கைநீட்டி மந்திரிக்கத் தொடங்கினார்.

அதைக் கேட்டபோதுதான் அவள் அழுதாள்.

பெரிய மெழுகுதிரி ஏற்றப்பட்டது. அதிலிருந்து மற்றவர்கள் தங்கள் திரிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். நற்கருணை நேரத்தில் மதலேனம்மாள் எழுந்தாள். கடைசி ஆளாகப் போனாள், வாங்கினாள். அது மகிழ்ச்சி போல இருக்கவில்லை. நெடுநாள் சுமந்த ஒன்றை இறக்கி வைத்த பின் தோள் வலிப்பதுபோல இருந்தது. கதிர்வேல் திரும்பி வரமாட்டான். அது நாளைக்கும் அப்படியே இருக்கும்.

வெளியே வந்தபோது முற்றம் புகைந்துகொண்டிருந்தது. கந்தம்மாள் இரண்டு வாளி நீரையும் கவிழ்த்து முடித்து, குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு புறங்கையைச் சாம்பலுக்குள் வைத்து, ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தாள். தீக்காவலர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். மகன் வீட்டில் சொல்லியிருப்பான். மதலேனம்மாள் எதிர்ப்புறம் மண்டியிட்டு, தானும் புறங்கையை வைத்தாள். இருவர் கைகளும் நடுவரை வந்தன, ஒன்றையொன்று தொடவில்லை.

"இங்கன சுடுது" என்றாள் கந்தம்மாள். காலி வாளியை அவள் பக்கம் தள்ளினாள். "ஏ தீக்காரி, இன்னொரு வாளி கொண்டா. வெரசா."

மதலேன் எழுந்தாள். அந்தப் பெயருக்காக எழவில்லை; சாம்பலுக்குள் இன்னும் கங்கு இருந்தது. கோயிலுக்குப் பின்னாலிருந்த குழாயைத் திறந்தாள். கோடைக்காலமாதலால் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வாளி நிறையும்வரை பொறுத்திருந்தாள்.