அந்தோணிராஜ் அரசாண்ட உப்பளம்

தை மாதக் கடைசியில் ஒரு காலை அந்தோணிராஜ் தூங்கி எழுந்தபோது அவர் தலையில் உப்புக் கிரீடம் ஒன்று விளைந்திருந்தது. உச்சியில் சின்னதாக ஒரு சிலுவைகூட இருந்தது. டீ கொண்டுவந்த மனைவி சகாயமேரி கொட்டாங்கச்சியால் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். மரக்காணத்துக் கிணறுகளைப் பற்றித்தான் தெரியுமே, அந்தக் கரிப்பில் கிரீடம் இன்னும் கொஞ்சம் பருத்தது. மத்தியானத்துக்குள் உப்பளத்து ஜனங்கள் வந்து பார்த்துவிட்டு, கிரீடம் இருக்கிறவரை ராஜா இல்லையென்று எப்படிச் சொல்வது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தொடக்கத்தில் நன்றாகத்தான் போயிற்று. ராஜா கை நீட்டிய பாத்தியில் ஒரே ராத்திரியில் உப்பு பூத்தது. லாரிகள் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை வரிசைகட்டின. ஆனால் வாரிய உப்பில் முதல் குவியலுக்கு மஞ்சள் தெளித்து, சூடம் ஏற்றி, அம்மனுக்கு விடுவது அங்கே வழக்கம். அந்தக் குவியல் இனி அந்தோணியார் சிலை இருக்கும் கெபிக்குத்தான் என்று ராஜா கட்டளை போட்டார். குப்பத்தில் ஞானஸ்நானம் வாங்கிய வீடுகள் நாலே நாலு. மேஸ்திரி கலியன் அவருடைய சின்ன வயதுச் சிநேகிதர், நேரிலேயே வந்து கேட்டார்: “ஏம்பா, ஒன் சாமிக்கும் வெய்யி, யார் வாணான்னாங்க? எங்காத்தா பங்க ஏன் புடுங்குற?” ராஜா ஜெபமாலையை உருட்டினார். பிடிவாதம் அவருக்குக் கிரீடத்தோடு வந்ததல்ல. மாதா கோயிலில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுக்காமலே கீழ்புத்துப்பட்டு விஜயகுமாரைக் கட்டிக்கொண்டு போன ஒரே மகள் பிலோமினாவின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று அதற்கு முன்பே தடை போட்டிருந்தவர்தான்.

ஊர் அவரை வெறுத்தது. சகாயமேரியால் முடியவில்லை. கிரீடத்தோடு படுக்க வராது என்பதால் ராஜா உட்கார்ந்தே தூங்கினார். அவர் சாய்ந்து விழாமலிருக்க அவளும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து தூங்கினாள். அவர் கழுத்து இறுகி நடுங்குவது அவள் முதுகுக்குத் தெரியும். மகள் இருந்தால் இந்த மனுஷன் இப்படி ஆகியிருக்க மாட்டார் என்று நினைத்து அழுவாள், ஆனால் வாய் திறந்து சொன்னதில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. ஆண்டவர் கல்லறையில் இருக்கும்போது உப்பு மட்டும் எப்படி விளையலாம் என்று ராஜா பாத்திகளைப் பார்த்து நிற்கச் சொன்னார். நின்றது. ஈஸ்டர் அன்று புதுவேட்டி கட்டிப் போய் மறுபடி விளையச் சொன்னார். விளையவில்லை. நிறுத்தத் தெரிந்தவருக்குத் திரும்பக் கூப்பிடத் தெரியவில்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தும் பாத்திகள் வெறும் தண்ணீராகவே கிடந்தன. மடவை மீன்கள் துள்ளி விளையாடின. உப்பு ஊரே பாக்கெட் உப்பு வாங்கும்படி ஆயிற்று. மளிகைக்கடை அஹமது கபீர் பாய், வாங்குகிறவர்கள் மானம் போகக்கூடாதென்று ஒவ்வொரு பாக்கெட்டையும் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

ஆனி மாதம் ஊர் கூடியது. மகளைக் கட்டியவன்தானே அடுத்த வாரிசு, விஜயகுமாரைக் கூட்டிவந்து ராஜாவாக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. சகாயமேரி யோசித்துப் பார்த்தாள். மருமகன் வந்து மாமனாரை இறக்கினால் அப்பனும் மகளும் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ள மாட்டார்கள். கலியனும் மற்றவர்களும் கிளம்புவதற்குள் முதல் பஸ் பிடித்து கீழ்புத்துப்பட்டில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பிலோமினா அம்மாவோடு ஷேர் ஆட்டோவில் ஒரு கேன் நல்ல தண்ணீரோடு வந்து இறங்கினாள். கிரீடத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது ராஜ கட்டளை. அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“நைனா, குனி. தலைக்குத் தண்ணி ஊத்தறேன்.”

“ஊரா அனுப்பிச்சிச்சு ஒன்ன?”

“ஊரு எதுக்கு அனுப்பணும்? தை மாசத்துலேர்ந்து நீ தலை சாய்க்கலன்னு அம்மா சொல்லிச்சு. தாங்கல நைனா, வந்துட்டேன்.”

ராஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்தார். தண்ணீர் படப்படச் சிலுவை கரைந்தது, விளிம்பு கரைந்தது, நரைத்த முடி வெளியே வந்தது. “பிலோமி” என்றார். தடை போட்ட பெயரைத் தடை போட்ட வாயே சொன்னதைக் கேட்டு சகாயமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கரைந்த தண்ணீர் வாசலைத் தாண்டிப் பாத்திகளில் இறங்க, மத்தியானத்துக்குள் உப்பளம் முழுக்க வெளுத்தது. விஜயகுமாரை மாலை போட்டு ஊர்வலமாகக் கூட்டிவந்தவர்கள் அவரை நடுரோட்டில் விட்டுவிட்டு உப்பு வார ஓடினார்கள். அவரும் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வலை வேலை இருக்கிறது என்று திரும்பிவிட்டார்.

கலியன் மட்டும் பொறுப்பாக அந்தோணிராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே மகள் மடியில் தலை வைத்து அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணி, அவரு இனிமே ராஜா இல்லைன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் சகாயமேரி. “இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுந்ததும் நானே சொல்லிடறேன்.”