வலப்பக்கம் சாயும் தட்டு

ஞாயிறு மதியம் வில்யாவின் கைபேசி அடித்தது. அவள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் கணவன் ஆர்வோ அந்த எண்ணை இன்னும் நிறுத்தவில்லை. யாரும் கூப்பிடுவதும் இல்லை.

"வில்யாங்களா?" ஒரு பெண்குரல். "மஞ்சத் தட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. பின்னாடி உங்க பேரும் நம்பரும் இருக்கு. ஏழாவது கூடைக்கிட்ட, நாணலுக்குள்ள கெடந்துச்சு."

"என் மனைவியோடது. நான் வந்து வாங்கிக்கிறேன்."

"மெதுவா வாங்க. இங்கதான் எறிஞ்சிட்டிருப்பேன்."

முந்தைய நாள் அந்தியில் அவன் எறிந்தது ஏரிப் பக்கம் போய்விட, முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைத்தான் தேடியிருந்தான். கால் மரத்துப்போகும்வரை தேடியும் கிடைக்கவில்லை.

தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்கிற ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதை ஆடுகிறவர்கள் பையில் பல தட்டுகள் இருக்கும். தூரத்துக்கு எறிபவை தொலையும், உடையும், மாறும். கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் எடுக்கிற தட்டு மட்டும் வேறு. கை பழகிவிட்டால் அதை மாற்ற மனம் வராது. வில்யா அந்த மஞ்சள் தட்டை ஏழு வருடம் எறிந்தாள். கூடையின் சங்கிலியில் பட்டுப் பட்டு விளிம்பு மழுங்கிவிட்டது. நேராகப் போகும், கூடைக்கு ஒரு கை தூரத்தில் மெல்ல வலப்பக்கம் சாயும். அதற்குத் தகுந்தாற்போல் அவள் இடப்பக்கம் குறிவைப்பாள்.

அந்தச் சாய்வைப் பார்க்கத்தான் ஆர்வோ அதை எடுத்து எறிய ஆரம்பித்தான். சில மாதங்கள் பார்க்கவும் செய்தான். இந்தக் கோடைக்குப் பிறகு அது மாறிவிட்டது. சில சமயம் முன்பே கவிழ்ந்தது, சில சமயம் கூடையைத் தாண்டி ஓடியது. எறிய எறியத் தேய்கிறது என்று அவனுக்குத் தெரியும். எறியாவிட்டால் அவள் வீச்சை எங்கே போய்ப் பார்ப்பது?

ஏரிக்கரையில் உறைபனி விழுந்திருந்தது. பைன் மரங்களுக்கிடையே நடந்தவன் நின்றுவிட்டான். மஞ்சள் தட்டு போய்க்கொண்டிருந்தது. நேராகப் போய், கூடைக்கு ஒரு கை தூரத்தில் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. சங்கிலி குலுங்கியது.

எறிந்தவரை மரங்கள் மறைத்திருந்தன. ஆர்வோ ஓரடிகூட முன்னே வைக்கவில்லை. தட்டு மறுபடி வந்தது, மறுபடி சாய்ந்தது. அங்கே யாரும் இருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. யாரும் இல்லாவிட்டால் அது வில்யாதான்.

யாரோ மூக்குச் சிந்தினார்கள். பஸ் ஓட்டுநர் சட்டை போட்ட கனத்த பெண் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், கூடையை நோக்கி வந்தாள்.

"போன்ல பேசினது நீங்களா? ஒளிஞ்சு நின்னு பாத்தீங்கன்னா டிக்கெட் கிழிச்சிடுவேன்." கையை நீட்டினாள். "ஹில்லா. கேக்காம எறிஞ்சிட்டேன், தம்பி. ஒரு தடவை பாத்துட்டு வச்சிடலாம்னுதான் எடுத்தேன். விட மனசு வரல."

"பரவால்ல."

"எத்தன வருஷமா எறியறாங்க?"

"அவ ஏழு வருஷம். அப்புறம் நான் ஒரு வருஷத்துக்கு மேல."

"நீங்க எறிஞ்சது நல்லாவே தெரியுது." விளிம்பை நகத்தால் தடவினாள். "எறியறீங்களா, ஆணி அடிக்கிறீங்களா? எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான், கூடை மேல ஏதோ பகை இருக்கிற மாதிரி. அதான் வருஷா வருஷம் புதுசு வாங்குவாரு. என்னோடது பதினோரு வருஷம். கிழட்டுத் தட்டு, தூக்கிப் போடும்பாரு. நானும் கிழடுதானே, என்ன பண்ணப் போறீங்கன்னா காபி போட எந்திரிச்சுப் போயிடுவாரு."

ஆர்வோ சிரிக்கவில்லை.

"மெதுவா எறிஞ்சா இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்றாள். "அவங்க கையிலயே குடுத்துடுங்க. நீங்க வேற வாங்கிக்கங்க."

"அவ இல்லைங்க. போன வருஷம் மே மாசம். தலையில ரத்தக்குழாய் வெடிச்சு."

ஹில்லா பையைத் திறந்தாள். ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினாள். அவன் குடித்தான்.

"நீங்களே வச்சுக்கங்க." அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து அவன் வரவில்லை. "உங்க கைக்குப் போகுது. எனக்குப் போகல."

"ஆசையாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்." பையிலிருந்து மார்க்கர் பேனா எடுத்தாள். "ஆனா அந்தப் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதணும். இல்லாட்டி திருட்டு. அவங்க பேரு இருக்கிற தட்டை, இனிமே என்னால எறியவும் முடியாது. அடிக்கிறதா இருந்தா நீங்க அடிங்க."

தட்டைத் திருப்பினான். வில்யாவின் கையெழுத்து, சற்றே சாய்ந்து. முதல் எழுத்தில் பேனாவை வைத்தான். குளிரில் மை இறங்கவில்லை. ஹில்லா பேனாவை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிச் சூடாக்கிக் கொடுத்தாள். இந்த முறை எழுத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

பேனாவை மூடிவிட்டான். "முடியல."

"முடியலன்னா விடுங்க. கொண்டுபோய்ப் பத்திரமா வைங்க. எறியாதீங்க."

"எறிவேன்."

"எறிஞ்சா வசந்தத்துக்குள்ள செத்துடும், தம்பி."

"தெரியும். எறியாம இருக்க முடியல." தட்டை அவளிடம் நீட்டினான். "ஒரே ஒரு தடவை எறிங்க."

"எனக்கு வண்டி எடுக்க நேரமாச்சு."

"ஒண்ணே ஒண்ணு."

அவன் கூடைக்குப் பக்கத்தில் போய் ஏரியைப் பார்த்து நின்றான். முதுகுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு சங்கிலி குலுங்கியது. அது ஓய்வதற்குள் ஒரு மூச்சு கேட்டது. உள்ளே விழும்வரை அடக்கிவைத்து விடுகிற மூச்சு. வில்யா அப்படித்தான் விடுவாள்.

"இன்னொண்ணு" என்றான், திரும்பாமல்.

உறைந்த மண்ணில் காலடிகள் விலகிப் போயின. கார்க் கதவு சாத்தப்பட்டது. வண்டிச் சத்தம் அடங்கிய பிறகுதான் திரும்பினான்.

கூடையிலிருந்து தட்டை எடுத்தான். ஹில்லாவின் கைபட்ட இடத்தில் வெதுவெதுப்பு இருந்தது. அது போவதற்குள் எறிய வேண்டும் என்று அவசரமாக நடந்தான். உறைபனியில் அவள் நின்று எறிந்த பூட்ஸ் தடங்கள் தெரிந்தன. அவற்றின் மேல் கால் வைத்து நின்றான். இடப்பக்கம் குறிவைத்து, முடிந்த அளவு மெதுவாக எறிந்தான்.

தட்டு சாயவில்லை. கூடையைத் தாண்டிப் போய்ப் புல்லில் விழுந்தது.

எடுத்தபோது சில்லிட்டிருந்தது. திரும்பி வந்து அதே தடங்களில் நின்றான்.